ஏலமலைக் கல் வழிகளுக்குப் பின் பம்பர் பாதுகாப்பு: குழாய் கார்டா, மூலைத் தகடா?

பூப்பாறை ஏலத்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் இடையில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருக்கிறது. தார்ச் சாலையிலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வரை ஒன்றரை கிலோமீட்டர் தூரமும் கல் வழிதான். அதில் ஓர் ஓடையைத் தாண்டியதும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறைப் படி குறுக்கே வரும். 2021இல் வாங்கிய மஹிந்திரா ‘தார்’ டீசல் ஜீப்பைத்தான் ஓட்டுகிறேன். சென்ற மாதம் நான்கு மூட்டை உரத்துடன் அந்தப் படியில் இறங்கியபோது பின் சக்கரங்கள் கீழே விழுந்த அதே நொடியில் பம்பரின் இடது மூலை பாறையில் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் கிழிந்தது, உள்ளே இருந்த கிளிப்புகள் இரண்டு உடைந்தன, பார்க்கிங் சென்சாரின் ஒயர் வெளியே தொங்கியது.

மலைக்குக் கீழே ஒரு பட்டறையில் காட்டினேன். ஒன்றரை இஞ்சுக் குழாயில் பின் கார்டு, அதாவது பம்பருக்கு வெளியே மாட்டும் இரும்புக் காப்பு, கட்டிவிட்டால் வாழ்நாளுக்கும் கவலை இல்லை என்றார்கள். பணம் கொடுப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தினமும் கல் வழியில் போகிற வண்டிக்குப் பின்னால் உண்மையில் எது காப்பு?

சூரியநெல்லி ஜீப்:

தம்பி, நான் பதினெட்டு ஆண்டுகளாகச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டி ஏறுவதற்குக் கேரளப் பக்கம் மட்டுமே வழி என்பதும், அந்த வழி எப்படிப்பட்டது என்பதும் இங்கே பலருக்குத் தெரியும். எது காப்பு என்று கேட்பதற்கு முன்னால் வண்டியின் வால் எப்போது அடிபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு இடங்களில்தான் அடிபடும். சமதரையிலிருந்து செங்குத்தான ஏற்றத்தில் முன் சக்கரம் ஏறும்போது வண்டியின் முகம் நிமிர்ந்து வால் தரையை நோக்கித் தாழும். ஓடைக்குழியிலிருந்து ஏறி வெளியே வரும்போது நடப்பது இது. படியிலிருந்து இறங்கும்போது பின் சக்கரம் விழுந்ததும் வால் படியின் விளிம்பில் உட்காரும். உங்களுக்கு நடந்தது இது. இரண்டிலும் பம்பர் எவ்வளவு கெட்டியானது என்பதைவிட எவ்வளவு மேலே இருக்கிறது, சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் முடிகிறது என்பதே கணக்கு. கெட்டியான இரும்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டால், முன்பு தொடாத பாறையையும் அது தொடும்.

பழைய வில்லிஸ் ஜீப்பின் பின்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1940களில் போருக்காகச் செய்யப்பட்ட அந்த வண்டியில் பின்னால் முழு நீளப் பம்பர் கிடையாது. இரண்டு மூலைகளிலும் கைநீளம்கூட இல்லாத இரும்புத் துண்டுகள், நடுவில் செசியின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) குறுக்குச் சட்டத்தோடு இறுக்கிய இழுவைக் கொக்கி, அவ்வளவுதான். நடுப்பகுதியை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பா ஓட்டிய பழைய ஜீப்பிலும் அதே அமைப்புதான் இருந்தது, அதன் வால் பாறையில் மாட்டி நான் பார்த்ததில்லை.

போடி பாடிப் பட்டறை:

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் குழாய் கார்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் பின் கார்டு கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் மலை ஏறுவதே இல்லை. சந்தையில் நிறுத்திய வண்டியின் பின்னால் ஆட்டோவோ இருசக்கர வண்டியோ வந்து முட்டி, சிறு அடிக்கே முழுப் பம்பரையும் விளக்கையும் மாற்ற நேர்ந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட அடிக்குக் குழாய் நன்றாகவே தாங்கும்.

எடையை மறைக்காமல் சொல்கிறேன். பி கிளாஸ், அதாவது நடுத்தரக் கனமுள்ள ஒன்றரை இஞ்சுக் குழாய் மீட்டருக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். மேலும் கீழும் இரண்டு குறுக்குக் குழாய், மூலைகளில் வளைவு, நடுவே தாங்கு குழாய் என்று ஆறு மீட்டருக்குக் குறையாது. அதுவே 21 கிலோ. பிராக்கெட், ஏறி நிற்கும் தகடு, போல்ட்டு எல்லாம் சேர்ந்தால் 30 கிலோ ஆகிவிடும். ஸ்டெப்னியையும் டீசல் கேனையும் தாங்கும் திறப்புக் கையோடு முழுத் தகட்டுப் பம்பர் செய்தால் அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும்.

பூப்பாறை ஏலத்தோட்டம்:

சூரியநெல்லி அண்ணன் சொன்னதை அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, நேரான ரீப்பர் கட்டை ஒன்றின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, அது பின் டயரையும் பம்பரின் கீழ் விளிம்பையும் ஒரே நேரத்தில் தொடும்படி சாய்த்து வைத்தேன். கட்டையின் மேல் கைபேசியை வைத்து மட்டம் பார்க்கும் செயலியில் கோணத்தைப் படித்தேன். இந்தக் கோணம் குறையக் குறைய வால் எளிதில் தரையில் இடிக்கும். சுமை இல்லாமல் 36 பாகைக்குச் சற்று மேலே காட்டியது. கட்டை தரையைத் தொட்ட இடத்திலிருந்து பம்பர் விளிம்பு வரை கிடைமட்டமாக 60 சென்டிமீட்டர், விளிம்பின் உயரம் 45 சென்டிமீட்டர்.

பிறகு பட்டறைக்காரர் காட்டிய கார்டு வரும் இடத்தில், அதாவது பம்பருக்கு 8 சென்டிமீட்டர் கீழேயும் 7 சென்டிமீட்டர் பின்னேயும், ஒரு பழைய குழாயைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு மறுபடியும் அளந்தேன். கோணம் 29 பாகைக்கு இறங்கியது. ஒரு குழாய்க்காக ஏழு பாகையை இழக்கிறேன். அதோடு நான்கு உர மூட்டைகளை ஏற்றி அளந்தபோது ஸ்பிரிங் அமுங்கி இன்னும் இரண்டு பாகை குறைந்தது. எங்கள் ஓடைப் பாறையில் இந்த வேறுபாடு, தொடாமல் போவதற்கும் வால் மாட்டி நிற்பதற்கும் இடையிலான வேறுபாடு.

மறையூர் ஜிம்னி:

என் மாருதி ஜிம்னி ஏறத்தாழ 1,200 கிலோதான் என்பதால் எடைக் கணக்கு எனக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது. போடி அண்ணன் சொன்ன 30 கிலோ, வண்டியின் நடுவில் ஏறும் 30 கிலோவைப் போன்றதல்ல. அது பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடை. தாரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 2,450 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் 30 கிலோவை மாட்டினால் பின் அச்சின் மேல் ஏறக்குறைய 40 கிலோ ஏறும், முன் சக்கரங்களிலிருந்து 10 கிலோ கழியும். ஏற்றத்தில் முன் சக்கரத்தின் பிடி ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரத்தில் அந்தப் பத்துக் கிலோ ஸ்டியரிங்கில் தெரியும்.

வண்டிப்பெரியாறு:

சந்தை முட்டலுக்குக் குழாய் தாங்கும் என்று போடி நண்பர் எழுதியது உண்மைதான். அதைவிடச் சற்றுப் பலமான அடியில் என்ன ஆகும் என்பதை என் வண்டியிலேயே பார்த்தவன் நான் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில், குமுளிக்கு ஏறும் ஒரு வளைவில் வரிசையாக நின்றிருந்தோம். பின்னால் வந்த வேன் பிரேக் பிடித்தும் ஈரச் சாலையில் வழுக்கி என் வண்டியில் மோதியது. வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. குழாய் கார்டில் லேசான நெளிவு மட்டுமே இருந்ததால் தப்பித்தேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பின் கதவைத் திறந்தபோது அது பாதியில் நின்றது. கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி மேலே விரல் நுழையும் அளவுக்கும் கீழே தாள்கூட நுழையாத அளவுக்கும் மாறியிருந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் செசியின் இரண்டு நீளச் சட்டங்களின் பின் முனைகளும் கீழ்நோக்கி வளைந்திருந்தன.

காரணம் எளிதானது. நிறுவனம் வைக்கும் பம்பரும் அதன் பின்னால் உள்ள தாங்கியும் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டவை. அவை நசுங்கும்போது அடியின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். நசுங்காத குழாய், வாங்கிய அடியை அப்படியே பிராக்கெட்டுக்கு அனுப்பும். என் வண்டியில் அந்தப் பிராக்கெட்டுகள் செசிச் சட்டத்துக்கு நேர் பின்னால் இல்லாமல் ஒரு சாண் கீழே தொங்கின. கீழே விழுந்த அடி, நெம்புகோலைப் போல் சட்டத்தின் முனையை முறுக்கிவிட்டது. பம்பரை மாற்ற ஆகும் செலவை மிச்சப்படுத்தப் பார்த்துச் செசியை நேராக்க வேண்டிய நிலைக்கு வந்தேன். அதற்கு மேல், கார்டு பொருத்தியதை முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தவர் உயிரையும் எண்ண வேண்டும். என் மேல் மோதியது வேன். அந்த இடத்தில் இருசக்கர வண்டி ஓட்டும் ஒரு பிள்ளை வந்திருந்தால், பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாய் முனையில்தான் மோதியிருப்பான். இதை நினைத்துத்தான் மறுமுறை நான் கார்டு மாட்டவில்லை.

கம்பம்மெட்டு:

சட்டத்தைப் பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மைப் போல நாளுக்கு இருமுறை மாநில எல்லையைக் கடப்பவர்கள் இரண்டு மாநில அதிகாரிகளிடமும் பதில் சொல்ல வேண்டியவர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. சுமையில்லா எடையும் அந்த விவரங்களில் ஒன்று. கிராஷ் கார்டு, புல் பார் (முன்பக்க இரும்புக் காப்பு) பொருத்திய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணான மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின் பார்க்கிங் சென்சார் கட்டாயம். குழாய் அதன் முன்னால் வந்தால், ரிவர்ஸ் கியர் போட்ட நொடியிலிருந்து அது ஓயாமல் கத்தும். பலர் அதன் ஒயரையே கழற்றிவிடுகிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் குழந்தைகள் வண்டிக்குப் பின்னால் விளையாடும் நம் ஊரில் அப்படிச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

குமுளி:

பின் பாதுகாப்பு என்றால் இடியிலிருந்து காப்பது மட்டும்தான் என்று இந்த உரையாடல் ஒரே பக்கமாகப் போகிறது. மலை வழியில் வண்டியின் பின்பக்கத்துக்கு வேறொரு பெரிய வேலையும் உண்டு. சேற்றில் புதைந்த வண்டியைப் பெரும்பாலும் வந்த வழியே பின்னால்தான் இழுக்கிறோம். அப்போது கயிற்றை எங்கே மாட்டுவது என்பது, பம்பரைப் பாறையிலிருந்து காப்பதைவிட முக்கியமான கேள்வி என்பது என் எண்ணம்.

டிரெய்லர் மாட்டும் பந்துக் கொக்கியில் கயிறு மாட்டி இழுத்ததை நான் ஒருமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மூன்றாவது இழுப்பில் பந்து அடிக்கழுத்தில் முறிந்து, கயிற்றின் இழுவிசையோடு பறந்து, இழுத்த ஜீப்பின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் முன்னிருக்கையின் முதுகில் பதிந்தது. ஓட்டியவர் அந்த நேரம் ஸ்டியரிங்கின் மேல் குனிந்திருந்ததால் பிழைத்தார். இருக்கையைப் பிய்த்து அந்த இரும்பு உருண்டையை எடுத்தபோது என் உள்ளங்கையை நிறைத்தது. அந்தப் பந்து டிரெய்லரை உருட்டிச் செல்லும் சீரான இழுப்புக்குச் செய்தது, புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும் விசைக்குச் செய்தது அல்ல. குழாய் கார்டும் அப்படித்தான். பார்வைக்குக் கயிறு கட்ட வசதியான இடமாகத் தெரியும், அவசரத்தில் உதவிக்கு வரும் யாராவது அதில்தான் கட்டுவார்கள்.

எனவே பூப்பாறை நண்பர் பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் அடியில் படுத்து, நிறுவனம் கொடுத்த பின் இழுவைக் கொக்கி செசியோடு எப்படி இணைந்திருக்கிறது, அதைச் சுற்றித் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் வாங்கினால் 4.75 டன் என்று உடலிலேயே பொறித்ததை வாங்குங்கள். எண் பொறிக்காத ஷேக்கிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள். அறுந்தால் கயிறு துள்ளும் உயரம் குறையும்.

போடி பாடிப் பட்டறை:

வண்டிப்பெரியாறு ஐயா எழுதியதைப் படித்த பிறகு, நான் கட்டிக்கொடுத்த இரண்டு வண்டிகளை வரவழைத்து பிராக்கெட்டுகளைப் பார்த்தேன். ஒன்றில் அவர் சொன்னது போலவே செசிச் சட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டிருந்தேன். அதைச் செலவு வாங்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

பூப்பாறைத் தம்பியின் தேவைக்கு எனக்குத் தோன்றும் வழி இது. பம்பரையும் அதன் உள் தாங்கியையும் வெட்டாமல் அப்படியே விட்டுவிடுவோம். அடிபடும் இரண்டு மூலைகளுக்கு மட்டும், பிளாஸ்டிக்கின் அடியில் மறையும்படி, சறுக்குப் பலகையைப் போன்ற தகடு வைப்போம். 4 மில்லிமீட்டர் தகட்டில் 40 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் வெட்டினால் ஒன்று இரண்டரைக் கிலோதான் வரும். தகட்டின் பின்முனை பம்பரின் விளிம்பைத் தாண்டி வெளியே வரக் கூடாது. முன்முனை சக்கரத்தின் பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் போகும்போது அதுவே கல்லைக் கொத்திக்கொள்ளும். தம்பி வைத்த ரீப்பர் கட்டையை மறுபடியும் சாய்த்து வைத்து, அந்தக் கோட்டுக்கு மேலேயே தகடு முழுவதும் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் துளையிடுவேன்.

செசியில் வெல்டிங் வைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள துளைகளில் 8.8 என்ற வலுத் தரத்தைத் தலையில் பொறித்த போல்ட்டும், அதிர்வில் தளராத நைலாக் நட்டும் போட்டுத்தான் மாட்டுவேன். சூட்டில் சட்டத்தின் வலு போகும் என்பது ஒரு காரணம், வெல்டிங் மின்னோட்டம் இன்றைய வண்டியின் கணினிப் பெட்டிகளைக் கெடுக்கும் என்பது இன்னொன்று. தகட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடையே மூன்று விரல் இடைவெளி வேண்டும். சேறு தங்காமல் விழுவதற்கு ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு துளைகள் வேண்டும். ஏலமலையில் ஆண்டில் பாதி நாள் ஈரம். தண்ணீர் வெளியேற வழியில்லாத இரும்பு உள்ளிருந்தே அரிக்கும், மேலே அடித்த பவுடர் கோட்டிங் கடைசி நாள் வரை பளபளத்துக்கொண்டே இருக்கும்.

கம்பம்மெட்டு:

ஒரு திருத்தம் மட்டும். உள்ளே மறைந்திருக்கிறது என்பதால் தகட்டுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு வந்துவிடாது. ஐந்து கிலோதான், வெளியே நீட்டவில்லை என்பதெல்லாம் உங்கள் பக்கத்து நியாயங்கள். மாட்டுவதற்கு முன் படத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

சூரியநெல்லி ஜீப்:

தகடு வைத்த பிறகும் அந்தப் படியில் இறங்கும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. நேராக இறங்கினால் இரண்டு பின் சக்கரமும் ஒன்றாக விழுந்து வால் உட்காரும். இடம் இருந்தால் சற்றுச் சாய்வாகப் போய் ஒரு சக்கரத்தை முதலில் இறக்கினால் வண்டி ஒரு பக்கமாக மெதுவாக அமரும். பக்கச் சரிவு அதிகமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். படியின் கீழே இரண்டு தட்டைக் கல்லை அடுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாங்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைத்தான் செய்கிறோம்.

பூப்பாறை ஏலத்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி சொல்லி, செய்ததை எழுதுகிறேன். குழாய் கார்டை விட்டுவிட்டேன். எழுத்தில் கேட்டுச் சம்மதம் கிடைத்த பிறகு, போடி அண்ணன் சொன்ன அளவில் இரண்டு மூலைத் தகடுகளை அவரிடமே மாட்டிக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து பிராக்கெட்டோடு ஏழரைக் கிலோ. கோணம் பழையபடி 36 பாகையிலேயே நிற்கிறது, சென்சார் கத்தவில்லை. பின் இழுவைக் கொக்கியைச் சுற்றி ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிப் பார்த்தபோது ஒரு போல்ட்டு கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. குமுளி அண்ணன் சொல்லாமல் இருந்திருந்தால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

இரண்டு மாதத்தில் அந்தப் பாறைப் படியில் நாற்பது முறையாவது இறங்கியிருப்பேன். படிக்குக் கீழே தட்டைக் கற்களும் அடுக்கியிருக்கிறோம். இரண்டு முறை இடது தகடு பாறையைத் தொட்டது. முன்பு கேட்ட முறியும் ஓசைக்குப் பதிலாக, நீளமாக ஒரு உரசல் ஓசை கேட்டு வண்டி வழுக்கி இறங்கியது. நேற்று அடியில் படுத்துப் பார்த்தேன். தகட்டின் கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து வெள்ளை இரும்பு தெரிகிறது, பிளாஸ்டிக்கில் ஒரு கீறலும் இல்லை. சனிக்கிழமை மழை விட்டால் அந்த இடத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும்.